கண்ணுசாமியின் காரைக் கழுவிவிட்டார்கள்

எங்கள் ஊர்க் கண்ணுசாமிக்குக் கார் கழுவுவது என்றாலே ஆகாது. சமஸ்தானம் இருந்த காலத்தில் அரண்மனைக் கார் ஷெட்டில் அவருக்கு அதுதான் வேலை. நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போனது, அந்த வேலையும் போனது. இருந்த நிலத்தை விற்று, புதுக்கோட்டையில் கார் விற்கும் கம்பெனி ஒன்றில் பழைய கார் வாங்கி, திருவரங்குளத்துக்கும் டவுனுக்குமாக வாடகைக்கு ஓட்டினார். பிரசவமோ கல்யாணமோ, சுற்றுப்பட்டு ஊர்களுக்கு அந்தக் கார்தான். அதன் நிறம் பச்சை என்பார் அவர். நாங்கள் பார்த்ததெல்லாம் செம்மண் நிறம்.

மழை ஏமாற்றிய வருஷங்கள் அவை. கிணறெல்லாம் வற்றி, ஊருணி ஒன்றுதான் மிச்சம். அதிலும் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. ஊர்கூடி அதன் காவலைக் கண்ணுசாமியிடம் ஒப்படைத்தோம். குடிக்க மட்டுமே அந்தத் தண்ணீர். யாராவது மாட்டை இறக்கினால், துணி அலசினால், விடிந்ததிலிருந்து உச்சிவெயில் வரை ஊருணிக்குள் இறங்கி வண்டல் அள்ளிக் கரையில் கொட்ட வேண்டும். எங்கள் ஊரில் அதுதான் தண்டம். தண்ணீருக்கு வருகிற பெண்கள் எல்லாரும் பார்க்க அள்ள வேண்டும், அதுதான் ஆளைக் கொல்லும்.

கண்ணுசாமியின் பங்காளி ராக்கன் ஒருநாள் காளையை இறக்கிக் குளிப்பாட்டிவிட்டான். பங்காளி என்றும் பாராமல் அவனை அள்ள வைத்தார் கண்ணுசாமி. அதன்பிறகு ஒரு ஆடுகூட ஊருணிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவர் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

அந்த மரியாதையைக் குலைக்க ஒரு மகானுபாவர் டவுனில் இருந்தார். கார் கம்பெனி மானேஜர் ரெங்கராஜ். கஞ்சி போட்ட சட்டை, கழுத்து வரை பவுடர். விற்கிறபோது ஒரு வருஷத்துக்கு ரிப்பேர் இலவசம் என்று சொல்லியிருந்தார். அதை நம்பி, பிரேக் பிடிக்கவில்லை என்று கண்ணுசாமி வண்டியைக் கொண்டுபோய் விட்டார்.

"பிரேக்க மட்டும் பாருங்க. வண்டியக் கழுவ வேண்டாங்க."

"சரி, சரி" என்றார் ரெங்கராஜ். பெரிய மனிதர்களுக்குக் காது எதற்கு இருக்கிறதென்று தெரியவில்லை.

சாயங்காலம் போனால், கார் பச்சைப் பசேலென்று நிற்கிறது. கம்பெனிக் கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. கழுவிய தண்ணீர் வாசலைத் தாண்டிச் சாக்கடையில் விழுகிறது. எதிர்ச்சாரியில் தெருக்குழாயைச் சுற்றிக் காலிக் குடங்களோடு பெண்கள்.

"வேண்டாம்னு சொன்னேனேங்க" என்றார் கண்ணுசாமி.

"கழுவாம ஒரு வண்டியும் இங்கேருந்து போகாது. அது கம்பெனி ரூல். அழுக்கு வண்டி வெளிய போனா எங்க பேரு என்ன ஆகுறது?"

பிரேக் முன்னைவிட மோசமாக இருந்தது. அதைப் பற்றி ரூல் ஏதும் இல்லை போலும்.

வழியெல்லாம் புழுதிதானே, ஊர் போவதற்குள் படிந்துவிடும் என்று கண்ணுசாமி மனதைத் தேற்றிக்கொண்டார். பாவிகள் மெழுகு வேறு தேய்த்திருந்தார்கள். பளபளவென்று ஊருணிக் கரையில் வந்து நின்ற காரை முதலில் பார்த்தவன் ராக்கன்.

"என் காளைக்கு ஒரு நியாயம், ஒங்க காருக்கு ஒரு நியாயமாண்ணே?"

"கம்பெனியில கழுவிட்டாங்கடா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

"ஊரே தொண்டை காஞ்சு கெடக்குது. இந்தப் பஞ்சத்துல நீங்க வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் எவனோ ஒங்க வண்டியக் கழுவிவிட்டானாக்கும். இதை நான் நம்பணுமா?"

நானும்தான் நம்பவில்லை. எங்கள் ஊரில் புத்தி பேதலித்தவன்கூட அப்படிச் செய்யமாட்டான். மறுநாள் விடியலில் கண்ணுசாமியே கூடையோடு இறங்கி, பெண்கள் பார்க்க, உச்சிவெயில் வரை அள்ளினார். அந்த வாரமே இரண்டு பேர் மாட்டை இறக்கினார்கள். தடுத்த கண்ணுசாமியிடம், "நீங்க போயிக் காரக் கழுவுங்க" என்றார்கள். தண்ணீர் கலங்கிச் சேறாகத் தொடங்கியது.

கண்ணுசாமி அதற்குமேல் பொறுக்கவில்லை. ஊர்க்காரர்களிடம் குடங்களை வாங்கிக் காரின் பின்சீட்டில் அடுக்கினார். ராக்கனை முன்சீட்டில் உட்காரவைத்தார். இடம் இருந்ததால் நானும் குடங்களுக்கு நடுவே தொற்றிக்கொண்டேன். நேரே கம்பெனி வாசல்.

"பிரேக் இன்னும் பிடிக்கலீங்க. கழுவ வேண்டாம். அந்தத் தண்ணிய இந்தக் கொடத்துல ஊத்திக் குடுங்க, ஊருக்குக் கொண்டுபோறோம்."

ரெங்கராஜ் முகத்தைச் சுளித்தார். "இது என்ன தண்ணிப் பந்தலா? தண்ணி வண்டிக்குத்தான். ஆளுங்களுக்குக் குடுக்க ரூல் கெடையாது."

கம்பெனிப் பையன்கள் குழாயைக் கார்மேல் திருப்பினார்கள். தண்ணீர் பானட்டிலிருந்து வழிந்து, ராக்கன் காலை நனைத்துச் சாக்கடைக்குப் போனது. கண்ணுசாமி நிதானமாகப் பின்கதவைத் திறந்தார்.

"உள்பக்கமும் கழுவணும்னு ரூல் இருக்குங்களா?"

"உள்ளயும் வெளியயும். ரூல்னா ரூல்தான்."

"அப்ப உள்ள இருக்குற கொடத்தையும் கழுவுங்க. ஒவ்வொண்ணுலயும் கழுத்துமட்டும் தண்ணி விட்டாத்தான் அழுக்குப் போகும். கொட்ட வேண்டாம், ஊர்ல போயி நாங்களே கொட்டிக்கிறோம்."

எதிர்க்குழாய்ப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். ரெங்கராஜுக்குப் பவுடரையும் மீறி முகம் கறுத்தது. ரூல் அவர் வாயிலிருந்து வந்ததாயிற்றே. குடங்கள் நிறைந்தன.

ஊர் வந்ததும் ராக்கன் குடங்களை இறக்கி வீடு வீடாகக் கொடுத்தான். கேட்டவர்களிடமெல்லாம், "அண்ணன் சொன்னது நெசம்தான்" என்றான். மறுநாள் விடியலில் ஊருணிக்குள் அவன் மட்டும் வண்டல் அள்ளிக்கொண்டிருந்தான். கண்ணுசாமி கரையிலிருந்து கூப்பிட்டார்.

"மேல ஏறு ராக்கா. பங்காளிக்குள்ள மன்னிப்பெல்லாம் எதுக்கு?"

"இது ஒங்களுக்கு இல்லண்ணே" என்றான் அவன், கூடையைத் தலைக்கு ஏற்றியபடி. "நேத்து அங்க சாக்கடையில போச்சே, அந்தத் தண்ணிக்கு."

கண்ணுசாமியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அள்ள வேண்டிய ரெங்கராஜ், அந்த நேரத்துக்கு டவுனில் அடுத்த காரைக் கழுவ வைத்துக்கொண்டிருந்திருப்பார்.