மந்திரியின் இடது கை

ஏழாம் வகுப்பில் எனக்குக் கிடைத்தது துரோகி வேஷம். ராஜபாளையத்தில் நான் படித்த பெண்கள் பள்ளியின் ஆண்டு விழாவுக்காகத் தமிழ் டீச்சர் தாமே ஒரு சோக நாடகம் எழுதியிருந்தார். வயதான ராஜா தன் மந்திரியை நம்பி, படிக்காமலே ஓர் ஓலையில் முத்திரை வைப்பார். அதோடு நாடு போய்விடும். கோட்டைக்கு வெளியே மழையில் கிடந்து சாவார். ராஜாவாகப் பத்தாம் வகுப்பு அக்கா ஒருத்தி. மந்திரி நான்.

முத்திரை வாங்கும் காட்சிதான் எனக்கு வரவில்லை. ஓலையை நீட்டியதும் ராஜாவின் கையைப் பிடித்து இழுத்துவிடுவேன்.

"ஏட்டி, வழிப்பறியா பண்ணுத?" என்று டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார். "துரோகம் பண்ணுதவன் பிடுங்க மாட்டான். பாசமா இருப்பான். இவனை விட்டா ராஜாவுக்கு ஆளே இல்லன்னு பாக்கிறவுகளுக்குத் தோணணும். திங்கக்கிழமைக்குள்ள வரலன்னா வேற பிள்ளையப் போட்ருவேன்."

பாசமாக எப்படிப் பிடுங்குவது? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மேடைக்குப் புதுத் திரை கொடுத்தவர் என்பதால் எங்கள் பெரியப்பாவுக்கு விழாவில் முன்வரிசை நாற்காலி. வேஷம் பறிபோனால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்பதே என் பயம். பேண்டேஜ் துணி கம்பெனியை இரண்டு தறியில் ஆரம்பித்து நாற்பது தறியாக வளர்த்தவர் அவர். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரே தம்பியான அப்பாவைக் கூட்டாளியாகச் சேர்த்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை அப்பா அவரைக் காரில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துப் போனார். கம்பெனி லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டும் என்றார். பால்கோவா ஆசையில் நானும் தொற்றிக்கொண்டேன். கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீலின் மாடி அறை. பெரியப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வக்கீல் ஐந்து தாள்களை மேஜையில் வைத்து, "ஒருக்க வாசிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டார்.

பெரியப்பா சிரித்தார். "எதுக்கு? எந் தம்பி பாத்துட்டாம்லா. நான் வேற உக்காந்து கேக்கணுமாக்கும்?"

எங்கள் வீட்டு வழக்கம் அது. தம்பி நீட்டும் தாளை அண்ணன் படிப்பதில்லை. படித்தால் தம்பியைச் சந்தேகப்பட்டதாகிவிடும்.

அப்பா பக்கத்தில் குனிந்தார். இடது கையால் பெரியப்பாவின் நடுங்கும் முழங்கையைத் தாங்கினார். வலது உள்ளங்கையை விரித்துத் தாளின் மேல்பாதியில் வைத்துக்கொண்டார். "இந்த இடத்துலண்ணே. மெதுவா. அவசரமே இல்ல." ஐந்து தாளுக்கும் அதே குரல். முடிந்ததும், பேனா கசிந்து பெரியப்பாவின் விரலில் பட்டிருந்த மையைத் தன் வேட்டி நுனியால் துடைத்துவிட்டார்.

எனக்குச் சிலிர்த்துப்போயிற்று. டீச்சர் கேட்ட பாசம் கண்ணெதிரே இருந்தது.

பெரியப்பா கம்பெனியிலிருந்து தாமாகவே விலகிக்கொண்டு, தம் பங்கு முழுவதையும் அப்பாவுக்கு விட்டுத்தருவதாக அந்தத் தாள்களில் எழுதியிருந்தது. அது எனக்குத் தெரிய வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் என் வேஷம் பிழைத்துக்கொண்டது என்பதுதான். திங்கட்கிழமை ஒத்திகையில் செய்து காட்டியதும் டீச்சர், "இம்புட்டையும் எங்கட்டி ஒளிச்சு வச்சிருந்த!" என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் விழா. முன்வரிசையில் பெரியப்பா, பக்கத்தில் அப்பா. வியர்வையில் ஒட்டுமீசை கழன்று தொங்கிவிடுமோ என்று மேலுதட்டை அசைக்காமலே வசனம் பேசினேன். முத்திரைக் காட்சி வந்தது. குனிந்தேன். இடது கையால் ராஜாவின் முழங்கையைத் தாங்கினேன். வலது கையை விரித்து ஓலையின் மேல் வைத்தேன். "இந்த இடத்தில், அரசே. மெதுவாக. அவசரமே இல்லை." முத்திரை விழுந்ததும் ராஜாவின் விரலை என் அங்கவஸ்திர நுனியால் துடைத்துவிட்டேன்.

பெண்கள் வரிசையில் யாரோ "அடப்பாவி!" என்றார்கள். கைதட்டல் எழுந்தது. நான் முன்வரிசையைப் பார்த்தேன். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, தம் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மேடையைப் பார்க்கவே இல்லை.

அந்தக் காட்சி முடிந்து திரை விழுந்ததும் பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்தார்.

"வெரலத் தொடச்சு விட்டியே தாயி, அது டீச்சர் சொல்லிக் குடுத்ததா?"

"இல்ல பெரியப்பா, நானாப் பாத்துக்கிட்டது. அன்னைக்கு வக்கீல் மாடியில அப்பா செஞ்சாகல்ல, அதேதான். சரியா இருந்துச்சா?"

"அச்சு அசலா இருந்துச்சு," என்றார். என் தலையில் கை வைத்தார். பிறகு பக்கவாட்டுக் கதவைத் தடவித் திறந்துகொண்டு தெருவில் இறங்கினார். திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி மட்டும் இருந்தது.

அந்த வயதிலேயே நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியிருந்தேன். அந்தப் புதன்கிழமைக்கு எழுதியது இது: "எனக்கு முதல் பரிசு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பெரியப்பா பாதியிலேயே போய்விட்டார். ராஜாவுக்குக் கடைசியில் என்ன ஆனது என்று அவருக்குத் தெரியாது. நாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும்."