மூன்றாம் மாடியும் ஒரு கையெழுத்தும்

மனைவியின் நலனுக்கு வேண்டுமானால், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமலே அவளுடைய வீட்டை விற்க மாவட்ட நீதிமன்றம் அனுமதி கொடுக்கலாம். யாழ்ப்பாணத்தாரின் திருமண உரிமைகள் பற்றிய கட்டளைச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. இடம் இருக்கிறது என்பதற்கு மேல் அதனால் எனக்கு ஒரு பயனும் கிடைக்கவில்லை.

நீதிமன்றம் இதில் ஏன் நுழைகிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்குக் கட்டுப்பட்ட மணமான பெண் தன் நகையை விற்கலாம், தன் வங்கிப் பணத்தை எடுக்கலாம். காணி, வீடு என்றால் கணவன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். ஆனால் அதே வீட்டை மரணசாசனம் எழுதி விரும்பியவருக்கு விட்டுச் செல்ல அவன் சம்மதம் வேண்டியதில்லை. சாகப்போகிறவளின் புத்தியில் சட்டத்துக்கு இருந்த நம்பிக்கை வாழப்போகிறவளின் புத்தியில் இருக்கவில்லை.

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடொன்று எனக்குச் சீதனமாக வந்தது. உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், என் பெயரில் மட்டுமே. நான் அரசாங்கத் திணைக்களமொன்றில் பிரதம எழுதுவினைஞர். பிறருடைய விண்ணப்பங்களில் குறை கண்டு திருப்பி அனுப்புவதில் எனக்குப் பெயர் இருந்தது. கணவர் யாழ்ப்பாணத்தில் ஆசிரியர், விடுமுறைக்கு வந்துபோவார். போரில் யாழ்ப்பாணப் பாதை மூடப்பட்ட பிறகு அவர் வரவில்லை. கடிதங்களும் கப்பல் ஓடும்போது மட்டுமே வந்தன.

அப்படியிருந்த ஓர் ஆண்டில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து என் இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை முடிந்ததும், நடக்கலாம், படி மட்டும் கூடாது என்றார் வைத்தியர். எங்கள் கட்டடத்தில் ஐம்பத்துநான்கு படிகள். மருத்துவ விடுமுறை ஆறு மாதம். அதற்குள் கடமைக்குத் திரும்பாவிட்டால் சுகவீனத்தின் பேரில் ஓய்வு. எனக்கு நாற்பத்தொன்பது வயது. அந்த வேலையை விட எனக்கு மனமில்லை.

அதே ஒழுங்கையில் படி ஏறத் தேவையில்லாத கீழ்வீடொன்று விலைக்கு வந்தது. கனடாவுக்குப் போகவிருந்த ஒரு வயதான தம்பதியின் வீடு. என் வீட்டை வாங்கவும் ஆள் வந்தது. விலை பொருந்தியது. விற்பனைப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு உறுதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கணவருடைய கையெழுத்து எங்கே என்றார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து என்னைப் பார்க்க வந்த முஸ்லிம் சிநேகிதி, அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரி, இதை நம்பவில்லை. மட்டக்குளியிலிருந்த தன் காணியை அவள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் போய் ஒற்றைக் கையெழுத்தில் விற்றுவிட்டு வந்தவள்.

"மாப்பிள்ள கையெழுத்துப் போடாட்டி ஒங்கட ஊட்ட ஒங்களுக்கு விக்க ஏலாதா? யாழ்ப்பாணத்து ஆக்கள் படிச்ச ஆக்கள் எண்டெல்லா எங்களுக்குச் சொல்லி வெச்சிருக்கீங்க."

பதில் சொல்ல என்னிடம் சட்டப்பிரிவுகள்தான் இருந்தன.

கணவருக்கு எழுதினேன். நீதிமன்றத்துக்கும் மனுப்போட்டேன். மனுவில் என் நலன் பற்றி வைத்திய அறிக்கையோடு விரிவாக எழுதியிருந்தேன். நீதிமன்றம் அதைப் படிக்கும் கட்டத்துக்கே வரவில்லை. முதலில் எதிராளிக்கு, அதாவது என் கணவருக்கு, அறிவித்தல் சேர வேண்டும். அறிவித்தல் பதிவுத் தபாலில் போனது. சேர்ந்ததற்கான அத்தாட்சி வரவில்லை. வழக்கு தள்ளிவைக்கப்பட்டது. தபால் போகாத ஊருக்கு மறுபடியும் தபால் அனுப்பக் கட்டளையானது. மூன்று தவணைகள் இப்படியே போயின.

என் சட்டத்தரணி ஐம்பத்துநான்கு படியும் ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு வழி சொன்னார்.

"அம்மா, அவர் இருக்கிற இடம் தெரியாதெண்டு ஒரு சத்தியக் கடதாசி தாங்கோ. அடுத்த தவணையோட முடிச்சுத் தாறன்."

"தெரியுமே. விலாசத்தை நான்தானே எழுதித் தந்தனான்."

"அதுதான் பிழை," என்றார்.

அப்படிச் சத்தியம் செய்ய முடியாது என்று சொன்னேன். ஒழுங்குமுறை தெரிந்தவளின் பிடிவாதம் என்று அவர் நினைத்தார். பாதி அதுதான். மீதியை நான் அவரிடம் சொல்லவில்லை. அந்த நாட்களில் கணவன் இருக்கும் இடம் தெரியாது என்று எழுதிய கடதாசியோடு அலுவலகம் அலுவலகமாக எத்தனையோ பெண்கள் நின்றார்கள். அவர்களுக்கு அது உண்மை. என் மனுசன் சுன்னாகத்தில் சுகமாக இருந்து பள்ளிக்கூடம் போகிறார். ஒரு வீடு விற்க அந்த வசனத்தை நான் எடுத்துக்கொள்வதா?

பொருளாதாரச் சுதந்திரம் பற்றி இப்போது வங்கிக்காரர்கள் மண்டபம் எடுத்துப் பேசுகிறார்கள். சேமியுங்கள், முதலிடுங்கள் என்கிறார்கள். எனக்குச் சம்பளம் இருந்தது, சேமிப்பு இருந்தது, என் பெயரில் உறுதி இருந்தது. மூன்று மாடி கீழே இறங்க அவை போதவில்லை. என் கணவரும் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர் என்பதால் அவர் சம்மதம் தேவைப்படுவதன் அவமானம் குறைந்துவிடாது.

கீழ்வீட்டு அம்மா ஆள் அனுப்பாமல் தானே வந்தார்.

"தங்கச்சி, விசா வந்திட்டுது. உமக்காக ரெண்டு மாசம் பொறுத்தம். இனி எங்களால ஏலாது."

அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அந்த வாரமே வீடு வேறொருவருக்குப் போனது. என் வீட்டை வாங்க வந்தவர் முற்பணத்தைத் திருப்பிக் கேட்டார், கொடுத்தேன். சுகவீன ஓய்வைத் தீர்மானிக்கும் மருத்துவச் சபை என்னைக் கதிரையோடு தூக்கிவரச் செய்து, படி ஏற இயலாதவர் என்று பார்த்து எழுதியது.

பிறகு கணவரின் பதில் வந்தது. சமாதான நீதவான் உறுதிப்படுத்திய சம்மதம், முறைப்படி, ஒரு குறையும் இல்லாமல். கூடவே நாலு வரி: "உம்மட வீட்டை நீர் விக்கிறதுக்கு என்னட்டை ஏன் கேக்கிறீர்? கெதியா வித்துப்போட்டுக் கீழ்வீட்டை வாங்கும். வேலையை மட்டும் விட்டிடாதையும்." அவர் அதை எழுதி நாலரை மாதமாகியிருந்தது. என் கைக்கு வந்தது, நான் ஓய்வுபெற்று ஒன்பதாம் நாள், ஒக்டோபர் பதினெட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை.