சாமந்திப் பாத்தியில் சுண்ணாம்புக் குழி

தோழியரே, பொங்கலுக்கு வெள்ளையடிக்க இன்று காலை சுப்பையா வந்தான். நான் அல்லிநகரம் போய்த் திரும்புவதற்குள், சுவரோரச் சாமந்திப் பாத்தியில் குழி தோண்டிச் சுண்ணாம்புக் கல்லைப் போட்டு, தண்ணீர் ஊற்றி வேகவைத்துக்கொண்டிருந்தான்.

“ஏலே, அங்கன ஏன் தோண்டுன?”

“காஞ்ச கட்டைகதான ஆத்தா கெடந்துச்சு? படிச்சவுக வீட்டுல செடிய இப்படியா சாகவிடுவாக?”

பூத்து ஓய்ந்த சாமந்தியைத் தரையோடு வெட்டிவிட்டால், வேரிலிருந்து புதுக் கன்றுகள் கிளம்பும். ஆண்டுதோறும் அப்படித்தான் அது பிழைத்து வந்தது. இதை நான் அவனுக்கு விளக்கியபோது குழி கொதித்துக்கொண்டிருந்தது.

குழியோரத்து மண்ணில் வெறுங்கையால் வேர்களைத் துழாவினேன். கை வெந்ததுதான் மிச்சம். ஒரு தூர்கூடத் தேறவில்லை.

“வேற வாங்கிக்கலாம் ஆத்தா, விடுங்க.”

எங்கே வாங்குவது? அது மேகமலை எஸ்டேட்டிலிருந்து வந்த இனம். யுத்தம் முடியும்வரை பெட்ரோலும் இல்லை, மலைக்கு லாரியும் இல்லை.

போன வருடம் உங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கன்று கொடுத்தேன். செழித்திருப்பதாக எல்லோருமே எழுதினீர்கள். உண்மையிலேயே உயிரோடு வைத்திருப்பவர் தயவுசெய்து உடனே பதில் எழுதுங்கள். மரியாதைக்காக எழுதியவர்கள் இந்த ஒருமுறை மௌனமாக இருந்து உதவலாம்.