நாற்பது நட்டும் ஒரு துண்டும்

ஓர் ஆளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்? பள்ளிப் படிப்பை முடித்த கையோடு எங்கள் சபைக்கு வந்த என்னிடம் தையல்காரம்மா இதைக் கேட்டபோது, திருதிருவென்று விழித்தேனே தவிரப் பதில் தெரியவில்லை. அவரிடம் பதில் இருந்தது: மூன்று சொட்டு. வெல்டரிடமும் இருந்தது: ஒரு தொட்டி நிறைய. ஆறு வருடமாக இருவரும் இதற்காக முட்டிக்கொண்டார்கள். அந்த ஆறு வருடமும் சபையில் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள்.

தையல்காரம்மா வளர்ந்தது, மணியடித்தால் எழுந்து நின்று மணியடித்தால் முழங்காலிடும் பழைய சபையில். பிறந்த நாற்பதாம் நாள் நெற்றியில் மூன்று சொட்டு விழுந்தது, காரியம் முடிந்தது. ஆராதனை நடுவே இருமல் வந்தால்கூட அடுத்த பாட்டு வரும்வரை அடக்கிவைப்பார். வெல்டரோ கைதட்டிப் பாடும் சபையிலிருந்து வந்தவர். பட்டறை இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அவர் "ஆமென்" என்றால் முன்வரிசைக் குழந்தைகள் அரண்டுபோய்த் திரும்பும். பிழைக்க வந்த ஊரில் இருவருக்கும் கிடைத்தது டயர் கடைக்குப் பின்னால் இருந்த இந்த ஒரே சபை.

"என் இடது காது போச்சுன்னா நீதான் பொறுப்பு, தம்பி."

"வலது பக்கம் மாறி உக்காருங்கக்கா. அதையும் கவனிச்சுடலாம்."

இப்படித்தான் பேசுவார்கள். ஆனால் தீப்பொறி பட்டு ஓட்டையான வெல்டரின் சட்டையெல்லாம் இந்த அம்மா ஒட்டுப் போட்டதுதான். இந்த அம்மாவின் தையல் மிஷின் மிதி இரண்டு முறை உடைந்து, இரண்டு முறையும் அவர் கையால் பற்றவைக்கப்பட்டதுதான்.

இவர்களுக்கு நடுவே வந்து சேர்ந்தாள் மாவு. ரொட்டிக் கடையில் மாவு பிசைபவள். எத்தனை கழுவினாலும் முழங்கையில் ஒரு வெள்ளைத் திட்டு மிச்சமிருக்கும், அதனால் அந்தப் பெயர். கடவுளைத் திட்டுவதற்கு மட்டுமே கூப்பிடும் வீட்டில் வளர்ந்தவள். அந்த வீடும் அவளைக் கைகழுவிவிட்டது. தையல்காரம்மாவின் மாடி அறையில் குடியிருந்தாள். ஞாயிறுதோறும் கீழ்வீட்டு அம்மா வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எங்கே போகிறார் என்று பார்க்கப் பின்னாலேயே வந்தவள், அப்படியே ஒட்டிக்கொண்டாள். ஒரு நாள் போதகரிடம் போய் நின்றாள்.

"ஐயா, நானும் முங்கணும்."

வெல்டர் அன்றே தகரம் வாங்கித் தொட்டி அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரிலிருந்து எழுந்து வருபவரைத் துண்டால் போர்த்தி அணைத்துக்கொள்வது அவருடைய வீட்டார்தான். அம்மாவோ, அண்ணனோ, கட்டியவரோ. மாவு, தையல்காரம்மாவின் மிஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, எனக்குத் துண்டு பிடிக்க வருவீங்களா?"

ஊசியில் நூல் கோக்க மூன்று முறை தவறியது தையல்காரம்மாவுக்கு.

"உடுப்பு தச்சுத் தரேன்டீ. தொட்டிப் பக்கம் மட்டும் கூப்பிடாதே. நான் அங்க வந்து நின்னா, என் மூணு சொட்டு செல்லாதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி."

"அப்ப நானும் எறங்கல."

"பிடிவாதக்காரி!"

"யார் வீட்ல குடியிருக்கேன்?"

மிஷின் தடதடவென்று ஓடியது. அன்றிலிருந்து தையல்காரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. போனால் கொள்கை போச்சு. போகாவிட்டால் பிள்ளை போச்சு.

புதன்கிழமை வெல்டர் ஒரு பையைத் தொப்பென்று மேசையில் வைத்தார். உள்ளே எலுமிச்சம்பழம் அளவில் இரும்பு நட்டுகள், நாற்பது.

"போன தடவை ஏரியில முங்கினப்ப உடுப்பு தண்ணியில குடை மாதிரி விரிஞ்சு, பாவம், அந்தப் பொண்ணு அழுதுடுச்சு. ஓரத்துல எடை வெச்சுத் தச்சுடுங்கக்கா. தேவையான அளவு போடுங்க."

தேவையான அளவு என்றால் எத்தனை? அவரையே கேட்டிருக்கலாம். ஆனால் முழுக்கு விஷயத்தில் வெல்டரிடம் சந்தேகம் கேட்பதா? செத்தாலும் கேட்க மாட்டார் தையல்காரம்மா. மண்டபங்களுக்குத் திரை தைப்பதுதான் அவர் பிழைப்பு. காற்றில் பறக்காமல் இருக்கத் திரையின் ஓரத்திலும் எடை வைப்பது உண்டு. டேப்பைப் போட்டு உடுப்பின் சுற்றளவை அளந்து, திரைக் கணக்கே போட்டார். நாற்பதும் உள்ளே போயிற்று. திரையை யாரும் தண்ணீரில் முக்கி எடுப்பதில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

மாவு சனிக்கிழமை போட்டுப் பார்த்தாள். மாவு மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு, முகம் சுளிக்கவில்லை.

"கொஞ்சம் கனமா இருக்கும்மா."

"அப்படித்தான் இருக்கும் போல."

"பாவ பாரம்கிறது இதானோ?"

ஞாயிறு காலை மாவு வெள்ளை உடுப்பைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். கையில் துண்டு இல்லை. மறுபடி கேட்கவும் இல்லை. வாசல்படியில் அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காததுதான் தையல்காரம்மாவைத் தைத்தது. திட்டிக்கொண்டே பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினார்.

டயர் கடைப் பின்கட்டில் தொட்டி பளபளவென்று நின்றது. உடுப்பைப் போட்டுக்கொண்டு, இறங்க மாட்டேன் என்று படியில் உட்கார்ந்திருந்த மாவு, அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"தையல் ஒழுங்கா இருக்கான்னு பாக்க வந்தேன், வேற ஒண்ணும் இல்ல," என்றார் தையல்காரம்மா.

"தையல் பாக்கத் துண்டு எதுக்குக்கா?" என்றார் வெல்டர்.

"உன் வாயில திணிக்க."

மாவு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே தண்ணீரில் இறங்கினாள். போதகர் ஒல்லி மனிதர். சொல்ல வேண்டியதைச் சொல்லி, அவளைப் பின்னால் சாய்த்தார். உடுப்பு குடை மாதிரி விரியவில்லை. நங்கூரம் மாதிரி இறங்கியது. மாவு உள்ளே போனாள். போதகர் தூக்கினார், அவரும் உள்ளே போனார். தண்ணீருக்கு மேலே நான்கு கைகள் மட்டும் ஆடின. சபை, இதுதான் முறையோ என்று பாட்டைத் தொடர்ந்தது!

"பாவிங்களா, பாட்டை நிறுத்துங்க!"

இருமலைக்கூட அடக்கும் அந்த அம்மாவின் கூச்சல்தான். அடுத்த நொடி துண்டோடு, செருப்போடு தொட்டிக்குள் குதித்தார். கழுத்தில் எப்போதும் தொங்கும் நூல் கத்தரியோடு தலை முங்க உள்ளே போய், தன் கையால் போட்ட தையலைத் தானே சரசரவென்று பிரித்தார். நட்டுகள் தகரத்தில் டங் டங்கென்று விழுந்தன. அதற்குள் வெல்டரும் குதித்து ஒரு கையால் போதகரையும் மறு கையால் மாவையும் தூக்கி நிறுத்தினார். தையல்காரம்மா தலைமுடி முகத்தில் ஒட்ட, மூச்சு வாங்க, தானாகவே எழுந்தார்.

போதகர் வாயிலிருந்த தண்ணீரைக் கொப்பளித்தார்.

"அக்கா," என்றார் வெல்டர் மெதுவாக, "முழுசா முங்கிட்டீங்க."

"நான் முங்கினது தையலைப் பிரிக்க!"

"ஆமென்!"

டயர் கடைப் பையன்கள்வரை விழுந்து விழுந்து சிரித்தார்கள். தையல்காரம்மா ஊறிப்போன துண்டைத் தூக்கி, வெல்டரின் தலைக்கு மேல் பிடித்துப் பிழிந்தார்.

"இந்தா, உனக்கு என் முறை. ஒண்ணு, ரெண்டு, மூணு. போதும்."

எல்லாரும் வெல்டரைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடி, அந்த மூன்று சொட்டுக்கும் தலையைத் தாழ்த்திக் கொடுத்தார். ஆமென் சொன்னார், வாழ்க்கையில் முதல் தடவையாக, மெதுவாக.

"இது ரெண்டையும் பதிவேட்டில எழுத மாட்டேன்," என்றார் போதகர் இருமிக்கொண்டே. "மாவு முங்கினது நிச்சயம், எழுந்ததும் நிச்சயம். கொஞ்சம் லேட், அவ்வளவுதான்."

மாவுக்குக் குளிரில் பல் கிடுகிடுத்தது. போர்த்த ஒரு காய்ந்த துண்டு இல்லை. தையல்காரம்மா ஈரக் கையாலேயே அவளை இழுத்து இறுக்கிக்கொண்டார். மறுபக்கம் வெல்டர் தன் பெரிய கைகளால் இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மாவின் முழங்கையில் அந்த வெள்ளைத் திட்டு அப்போதும் போகவில்லை.

அடுத்த ஞாயிறும் பெஞ்சில் அதே சண்டை. மூன்று சொட்டா, ஒரு தொட்டியா? ஒரே ஒரு வித்தியாசம், நடுவில் மாவு உட்கார்ந்து இரண்டு பக்கமும் ரொட்டி நீட்டிக்கொண்டிருந்தாள்.

உங்களுக்குத் தெரிந்த சபையில் இப்படி முட்டிக்கொள்ளும் இரண்டு பேர் இருப்பார்கள். இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். தனித்தனியாக வேண்டாம், ஒரே பெஞ்சில் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.