நகம் போகாத மூட்டு

பஸீல் பாஸுக்கு இரண்டு தொழில்கள். ஒன்று தச்சுவேலை, மற்றது அந்த வேலையைப் பற்றிப் பேசுவது. இரண்டாவதில்தான் அவர் கைதேர்ந்தவர் என்று பதுளை பஸாரில் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பொறாமை இருக்கிறது, கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

அலுமாரி செய்வார், மேசை செய்வார், கேட்டால் கட்டிலும் செய்வார். ஆனால் அவருடைய உயிர் லாச்சி என்கிற இழுப்பறையில்தான். மேசை லாச்சியை முழுவதும் வெளியே இழுத்து, அதன் மூலையை வாங்க வந்தவரின் மூக்குக்கு நேரே நீட்டுவார். ஒரு பலகையின் ஓரத்தில் புறாவின் வால்போல விரிந்த பற்கள், மற்றப் பலகையில் அவை போய் உட்காரும் குழிகள். புறா-வால் மூட்டு என்பது இதுதான். அளவு பிசகாமல் வெட்டியிருந்தால் ஆணி வேண்டாம், இழுத்தாலும் கழராது. "யானையக் கட்டி இழுத்துப் பாருங்க" என்பார். வந்தவர் பதுளை டவுனில் யானைக்கு எங்கே போவார்? தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போவார்.

அந்தப் பேச்சை ஒரே ஒருவர்தான் மடக்கினார். ஹம்ஸியாவின் தாய்மாமா லத்தீப். ஹம்ஸியா பஸீலின் மனைவி. லத்தீப் புடவைக்கடை வைத்திருந்தார். வந்த பெண் ஆசையாக எடுத்த சீலையை அவள் கையிலிருந்து வாங்கி, "இது சாயம் போகும் தங்கச்சி, வேற எடுங்க" என்று சொல்லும் வியாபாரி. லுணுகலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மற்றக் கடைகளை ஏறெடுத்தும் பாராமல் அவரிடம் போனது அதனால்தான். ஒரு சாமானைப் பற்றி லத்தீப் ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு இல்லை.

மகள் றஷீதாவின் கல்யாணத்துக்கு அலுமாரி செய்யும் வேலையை அவர் பஸீலிடம்தான் கொடுத்தார். அலுமாரி வந்து இறங்கிய நாளில் வீடு நிறைய ஆட்கள். பஸீல் வழக்கம்போல லாச்சியை இழுத்துப் பிடித்துக்கொண்டு யானைக் கதையை ஆரம்பித்தார். லத்தீப் குறுக்கே பேசவில்லை. பெருவிரல் நகத்தை மூட்டில் வைத்தார். நகம் உள்ளே போயிற்று.

"நகம் போகுதே பஸீல்" என்றார்.

திட்டவில்லை, சாமானைத் திருப்பி அனுப்பவுமில்லை. ஆனால் பின்னால் நின்ற யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பஸீலுக்குக் காது மடல் வரை சூடேறியது. கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் இறங்கி வந்தவர், அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. பெருநாளுக்கும் ஹம்ஸியா தனியாகத்தான் மாமா வீட்டுக்குப் போய்வந்தாள்.

அந்த நகத்துக்காகத்தான் மரம் வெட்டும் ரூட்டர் மெஷின் வாங்கினார் என்று சொன்னால் பஸீல் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் காரணம் அதுதான். கொழும்பிலிருந்து மெஷினும் அதற்கான ஜிக்கும் வந்தன. ஜிக் என்பது பெரிய சீப்பைப்போல விரல் விரலாக இருக்கும் ஒரு தகடு. பலகைகள் இரண்டையும் அதன் கீழே வைத்து இறுக்கிவிட்டு, சுழலும் ரூட்டரை அந்த விரல்களுக்கு நடுவே போய்வர விட்டால், பல்லும் குழியும் ஒரே ஓட்டத்தில் விழுந்துவிடும். கை நடுங்கினாலும் மூட்டு நடுங்காது. ஒரே ஒரு கட்டுப்பாடுதான். ரூட்டரில் புது அலகு போட்டால், நல்ல பலகையைத் தொடுவதற்கு முன் ஒரு கழிவுத் துண்டில் வெட்டிக் கோத்துப் பார்க்க வேண்டும். அலகு மயிரிழை மேலே நின்றால் மூட்டு ஆடும், மயிரிழை இறங்கினால் கோக்கவே வராது. பஸீல் அப்படியே செய்துவந்தார். யாருடைய நகமும் போகாத லாச்சிகள் அவர் பட்டறையிலிருந்து வெளியே போயின. ஆனால் லத்தீப் மட்டும் அவற்றை வந்து பார்க்கவில்லை. அவர் எப்படி வருவார்? பேச்சை நிறுத்தியது இவர்தானே.

இந்த வருஷம் பள்ளிவாசலின் பழைய சந்தூக்கு உளுத்துப்போயிற்று. இறந்தவரின் உடலை, ஜனாஸாவை, வைத்து அடக்கம் செய்யும் மையவாடிக்குத் தூக்கிப் போகும் பெட்டி அது. பள்ளியை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர் மொஹிதீன் ஹாஜியார் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் விஷயத்தைச் சொல்ல, பஸீல் எழுந்து நின்று, புதியதைத் தான் காசு வாங்காமல் நன்மைக்காகச் செய்து தருவதாகச் சொன்னார். நன்மையில் ஆசை இருந்தது, பொய்யில்லை. ஊர் முழுக்கத் தோளில் தூக்கும் பெட்டியில் தன் கைவேலை இருக்கும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. அந்த ஆசையில், அடுத்த வெள்ளிக்கே தந்துவிடுவதாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை பழைய அலகு மழுங்கிவிட்டது. புதியதைப் போட்டார். கழிவுத் துண்டு காலடியிலேயே கிடந்தது. குனிந்து எடுக்கவில்லை. எத்தனை லாச்சி வெட்டியாயிற்று, எனக்கா தெரியாது என்ற நினைப்பு. நான்கு மூலைகளையும் ஒரே மூச்சில் வெட்டி முடித்த பிறகுதான் கோத்துப் பார்த்தார். நான்கும் ஆடின.

வேறு பலகை கைவசம் இல்லை. ஹாஜியாரிடம் போய் இன்னும் ஒரு கிழமை வேண்டும் என்று கேட்டிருந்தால், ஊரில் ஒரு மனிதர்கூட முகம் சுளித்திருக்க மாட்டார். பஸீலுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. மரத்தூளை வெள்ளைக் கம் பசையில் குழைத்து இடுக்குகளில் திணித்தார், காய்ந்ததும் உரப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், அதற்கு மேல் வார்னிஷ் பூசினார். மூலைகள் பளபளத்தன.

"முடிஞ்சா?" என்று கேட்டாள் ஹம்ஸியா.

"முடிஞ்சி" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் எல்லோரும் தடவித் தடவிப் பார்த்தார்கள். பஸீல் அன்று யானையைப் பற்றி மூச்சே விடவில்லை. மனிதருக்கு அடக்கம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

பிறகு மழை பிடித்தது. அந்த மழைக்காலத்தில் ஒரு நாள், விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டு வந்து சாய்ந்த லத்தீப் எழும்பவில்லை. செய்தி கேட்டு ஹம்ஸியா அழ ஆரம்பித்தாள். பஸீலின் மனசுக்குள் முதலில் வந்தது மாமாவின் முகம் அல்ல, அந்தச் சந்தூக்கு. ஒரு சாவுச் செய்தியில் தன் மூட்டைப் பற்றி நினைக்கிறோமே என்று அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியில் ஏறினார். குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, ஜனாஸாவைச் சந்தூக்கில் வைத்து மூடி, பச்சைப் போர்வையை மேலே போட்டார்கள். தூக்கும் கம்புகள் நான்கும் மூலைக்கொன்றாக நீளப் பலகைகள் இரண்டிலும் முடுக்கப்பட்டிருந்தன. ஜனாஸா கிடக்கும் அடித்தட்டு அந்தப் பலகைகளுக்கு நடுவில். மூலை பிரிந்தால் பலகைகள் அகலும், பலகைகள் அகன்றால் தட்டு கீழே போகும். இதை அறிந்தவர் அங்கே ஒருவர்தான். அவர் முந்திக்கொண்டு போய் முன்பக்கத்து வலது கம்பைப் பிடித்தார். நான்கு மூலைகளிலும் மோசமானது அந்த மூலைதான்.

மழை விடவில்லை. மையவாடிக்கு ஏறும் வளைவில் 'டொக்' என்று ஒரு சத்தம். கலிமா சொல்லும் குரல்களுக்குள் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. பஸீல் போர்வைக்குள் கையை விட்டுத் தடவினார். நகம் அல்ல, விரலே உள்ளே போயிற்று. உள்ளங்கையை மூலையில் வைத்து முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டு நடந்தார்.

ஜனாஸாவைத் தூக்குவதில் எல்லோருக்கும் பங்கு வேண்டும். கொஞ்ச தூரம் ஒருவர் தூக்கினால் அடுத்தவர் வந்து தோள் கொடுப்பார். இன்பாஸ் வந்தான், றஷீதாவின் கணவன், பஸீலை அண்ணன் முறையில் நானா என்பவன். "விடுங்க நானா, நான் தூக்குறேன்."

"இல்ல. நானே வாறேன்."

வேறு சிலரும் வந்து கேட்டுப் பார்த்துவிட்டு விலகினார்கள். மற்ற மூன்று கம்புகளும் தோள் மாறிக்கொண்டே இருந்தன. பஸீலின் கம்பு மட்டும் மாறவில்லை. கை மரத்துப்போயிற்று. 'ஒரு கயிறு கொண்டாங்க' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. வழியோரத்துக் கடையில் கேட்டால் உடனே கிடைத்திருக்கும். ஆனால் கயிறு கட்டப் போர்வையைத் தூக்க வேண்டும், தூக்கினால் எல்லோரும் மூலையைப் பார்ப்பார்கள். வந்த சொல்லை விழுங்கிக்கொண்டார். தன் மானத்துக்காக ஒரு ஜனாஸாவையே பணயம் வைத்து நடக்கிறோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் நடந்துகொண்டே இருந்தார். கண்ணீர் மட்டும் தானாக வடிந்தது, அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

சந்தூக்கு பிரியாமல் போய்ச் சேர்ந்தது. லத்தீப் அடக்கப்பட்டார். மொஹிதீன் ஹாஜியார் பஸீலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமாட பொறுப்ப நீங்க ஒருத்தர்தான் முழுசாத் தூக்கினீங்க பஸீல். கோபம் எல்லாம் போயிட்டு, அல்ஹம்துலில்லாஹ்."

பஸீல் கையை விடுவித்துக்கொண்டார். நனைந்துவிட்டது, பொலிஷ் பண்ண வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி, வெறும் சந்தூக்கைப் பட்டறைக்கு எடுத்துப் போனார்.

அன்று பின்னேரம் ஹம்ஸியாவோடு மறுபடி அந்த வீட்டுக்குப் போனபோது, றஷீதா கதவுச் சீலையை ஒட்டி வந்து நின்றாள். அழுதழுது குரல் கம்மியிருந்தது.

"நானா, ஒங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். போன கெழம வாப்பா பள்ளியில ஒங்க சந்தூக்கப் போய்ப் பாத்தாங்க. நாலு மூலையிலயும் நகத்த வெச்சிப் பாத்தாங்களாம். வீட்டுக்கு வந்து, 'இந்தத் தடவ நகம் போகல்ல மகள், நான் போய் அவனுக்கு என் வாயால சொல்லணும்'னாங்க. கடைக்கு வாற ஆக்களுக்கும் அதையேதான் சொல்லிட்டு இருந்தாங்க. மழ விட்டதும் ஒங்கள்ட்ட வாறதுக்கு இருந்தாங்க."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பஸீல் மூன்று வருஷம் மரம் வெட்டினார். இப்போது வந்துவிட்டது. ஹம்ஸியா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பெருமையாகப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிப் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் போதும், எல்லாம் அவருக்கே. அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அது மரத்தூள் றஷீதா" என்றார்.

அவளுக்கு விளங்கவில்லை.

"மூட்டு லூசு. நான் தூளும் கம்மும் போட்டு அடைச்சி, பொலிஷ் பூசி மறைச்சிட்டேன். அதுதான் வாப்பாட நகம் போகல்ல. இன்னைக்கி மழையில பிரிஞ்சிட்டு. கைய எடுத்தா விழுந்துரும்னுதான் நான் கம்ப விடல்ல. பாசத்துல இல்ல. கயிறு கேட்டிருக்கலாம். வெக்கத்துல கேக்கல்ல."

ஹம்ஸியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். றஷீதா கதவுச் சீலையின் கரையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சத்தம் போடுவாள், வெளியே போகச் சொல்லுவாள் என்று பஸீல் எதிர்பார்த்தார். உண்மையில் அதைத்தான் விரும்பினார்.

"வாப்பா ஒரு சாமானப் பத்தியும் பிழையாச் சொன்னதில்ல நானா" என்றாள் மெதுவாக. "கடசியாச் சொன்னது பிழையாப் போயிட்டே. எத்தன பேருக்குச் சொன்னாங்களோ. அத நீங்கதான் சரிபண்ணணும். வாப்பாவால இனி ஏலாது."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பஸீல் எழுந்து நின்றார், அன்று வாய் கொடுத்த அதே இடத்தில். மரத்தூளைச் சொன்னார். கழிவுத் துண்டை எடுக்காததைச் சொன்னார். கயிற்றையும் சொன்னார். "லத்தீப் மாமா மேல பிழை இல்ல. நான் அவங்கள ஏமாத்தினேன்" என்று முடித்தார். மொஹிதீன் ஹாஜியார் கீழே விரித்த பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் ஏசவில்லை. வெளியே செருப்பு மாட்டும்போது இன்பாஸ் மட்டும் சற்றுத் தள்ளி நின்று மாட்டிக்கொண்டு போனான்.

பிறகு அவர் புதுப் பலகை வாங்கி, கழிவுத் துண்டில் திரும்பத் திரும்ப வெட்டிப் பார்த்து, சந்தூக்கை மறுபடி செய்து கொடுத்தார். கம் இல்லாமலே நான்கு மூலைகளும் பிடித்து நிற்கின்றன. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்பதற்கு ஆளில்லை.

யானைக் கதையும் அதோடு நின்றுபோயிற்று. இப்போது அவரிடம் அலுமாரி வாங்க வருகிறவர்கள், விலை கேட்பதற்கு முன்பே லாச்சியை இழுத்து மூட்டில் நகத்தை வைத்துப் பார்க்கிறார்கள். சிலர் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்க்கிறார்கள். பஸீல் கையைக் கட்டிக்கொண்டு, அவர்கள் பார்த்து முடிக்கும்வரை தலைகுனிந்து நிற்கிறார்.