இரண்டு அத்திக் குச்சிகள்

ஜோர்தானில் வீட்டு வேலை செய்த என் தங்கை, லீவில் வந்தபோது இரண்டு அத்திக் குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி, பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாள். அந்த வீட்டு முற்றத்தில் இரண்டு மரங்களாம். பார்க்க ஒரே மாதிரி இருக்குமாம். ஒன்றின் பழம் தேனாய் இனிக்குமாம். மற்றதன் காய் பழுக்காமலே கொட்டிவிடுமாம்.

"பொறகு அத எதுக்குடி சுமந்துட்டு வந்த?"

"அங்க ஏதுக்கா தண்ணி? நம்ம றக்வான மழைக்குப் பழுத்தாலும் பழுக்கும்."

இலை உதிர்ந்த காலத்தில் வெட்டிய மொட்டைக் குச்சிகள். எது எதுவென்று அவளுக்கே மறந்துபோனது. தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால், எங்கள் மரக்கறித் துண்டு நிலத்தில் இரண்டையும் ஊன்றினோம். "நான் வந்து தின்னு பார்த்துச் சொல்றேன். அதுவரைக்கும் ரெண்டுலயும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி விமானம் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் இரண்டையும் காட்டச் சொல்வாள். காட்டி என்ன பயன்? இரண்டுக்கும் இலை சொரசொரப்பு. கிள்ளினால் இரண்டிலும் பால். மூன்று விரல் இலையும் ஐந்து விரல் இலையும் ஒரே கிளையிலேயே வந்தன. போகப்போக ஒரு வித்தியாசம் தெரிந்தது. ஒன்று தளதளவென்று வளர்ந்து, கணுவுக்குக் கணு பிஞ்சு வைத்தது. மற்றது இலையில் துருப்பிடித்து, முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது.

அப்போதுதான் எங்கள் டிவிசனை மேற்பார்க்கும் ஐயா வந்தார். கறிச்செடி வைக்கலாம், மரம் வைக்கக் கூடாதாம். மரம் வைத்தால் நாளைக்கு நிலத்தையே கேட்போமாம். தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்து இங்கேயே செத்தவர்கள் கேட்டால்தான் என்ன? கெஞ்சிப் பார்த்ததில், "எக்கக் எத்தி" என்று சிங்களத்தில் சொன்னார். ஒன்று போதுமாம்.

என் கணவருக்குத் தேயிலை நாற்றுத் தவறணையில் வேலை. வேகமாய்த் துளிர்க்கும் கன்றை வைத்துக்கொண்டு நோஞ்சானைப் பிடுங்கி எறிவது அவருடைய அன்றாடப் பிழைப்பு. தேயிலையில் அது சரி, அங்கே இலைதானே வருமானம். அதே கையோடு இங்கேயும் நோஞ்சானைப் பிடுங்கி, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் எறிந்துவிட்டார். அதற்கு முன் தங்கையை ஒரு வார்த்தை கேட்கலாமென்றால் அவளுடைய போன் வேலை செய்யவில்லை.

சில வாரங்களில் அவளே வந்தாள், வயிற்றில் கட்டியோடு. முடியாமல் போனதும் அந்த வீட்டுக்காரர்கள் டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டார்கள். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில், "ஆசைப்பட்டதைக் குடுங்க" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு என்ன அர்த்தமென்று எங்களுக்குத் தெரியும். பின்வாசலுக்கு நேரே கட்டிலைப் போட்டோம். அங்கே காற்று வரும், தலையைத் தூக்கினால் தோட்டமும் தெரியும்.

கஞ்சியைக்கூடத் தள்ளிவிடுவாள். ஒருநாள் காலையில் தானாகவே கேட்டாள்.

"அத்தி இருக்கா மச்சான்? ரெண்டுலயும் ஒவ்வொண்ணு குடுங்க. எது நல்லதுன்னு சொல்றேன்."

அவர் போய்ப் பறித்தார். முதலில் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டதைப் பார்த்தேன். உடனே துப்பினார். உள்ளே பஞ்சு மாதிரி வறண்டு கிடந்தது. வேறொன்றைத் தேடினார், இன்னொன்றைத் தேடினார். எல்லாம் அதே கதிதான். கடைசியில் ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்.

"மத்தது இன்னும் காய்க்கல புள்ள."

அவள் கடித்தாள். வெகுநேரம் மென்றாள். துப்பிவிடு என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. தலையைத் தூக்கி, பின்வாசல் வழியாகத் தோட்டத்தில் ஒற்றையாய் நின்ற மரத்தைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"இதுதான் மச்சான் நல்லது. மத்ததப் புடுங்கிருங்க."

அவர் தண்ணீர் பிடிக்கும் பீலியடிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். கேட்காமல் பிடுங்கி எறிந்ததற்காக எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அன்றோடு போய்விட்டது.

அவள் போன பிறகும் அந்த மரம் காய்த்துக் காய்த்துக் கொட்டுகிறது. வெட்டிப் போடுங்க என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. காலையில் தவறணைக்குப் போகும் முன் அவரே கூட்டி அள்ளுகிறார். விளக்குமாற்றை என் கையில் கொடுப்பதில்லை.