மூன்று கண் பெட்டியும் லெட்சுமியின் பெயரும்

புரொஜெக்டர் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் திரை எத்தனை அடி என்று கேட்பார்கள். உங்கள் ஹால் எத்தனை அடி என்று நாம் கேட்டால் மட்டும் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அடுத்தவர் வீட்டுக்குள் ஏணியோடு நுழைந்து பிழைக்கிறவர்களே, ஏர்கோன் கழுவுகிறவர்களே, கூரை ஒழுகலை அடைக்கிறவர்களே, இவையெல்லாம் நீங்களும் பட்டவைதான். என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளில் நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் துண்டுப் பிரசுரங்கள் சொல்லிக் கொடுத்தவை. மறியலில் முன்னால் நின்றேன் என்று வெளியே அனுப்பினார்கள். அன்று என் பின்னால் நின்று முழக்கம் போட்ட ஒருவர் பிறகு அரசாங்கத்திடம் டத்தோ பட்டம் வாங்கினார். நான் நானாகவே இருந்தேன். சங்கக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க அப்போது படம் காட்டுவோம். அதில் பழகிய கை, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் கடை ஒன்றில் எனக்குச் சோறு போட்டது.

நாங்கள் விற்ற புரொஜெக்டர் பெட்டி இரண்டு பேர் தூக்கினால்தான் நகரும். முன்பக்கம் மூன்று கண்: சிவப்பு, பச்சை, நீலம். சீலிங்கில் மாட்டியதும் திரையில் கட்டம் கட்டமாகக் கோடுகள் விழும். மூன்று நிறக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால் வெள்ளைக் கோடு. உட்காராவிட்டால் படத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டு மூக்கு. இந்த வேலைக்குக் கடையில் ‘கோடு சேர்ப்பது’ என்று பெயர். அறையை இருட்டாக்கிவிட்டு மூன்று மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும்.

போன் எடுக்க வந்தவள்

லெட்சுமி செந்தூல் அடுக்குமாடியிலிருந்து வருவாள். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், புருஷன் இல்லை. பன்னிரண்டு வருடம் மின்னணுத் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டியவள். ஆள் குறைப்பில் வெளியே வந்ததும், எங்கள் முதலாளி நவரத்தினம் போன் எடுக்க ஆறு மாதத் தற்காலிக வேலையில் வைத்தார். ஒரு நாள் கடையில் நான் கோடு சேர்த்து முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு நின்றேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு, “அண்ணே, வலது மூலையில சிவப்பு கொஞ்சம் கீழ நிக்குது” என்றாள். எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு ஒரு முழம் கிட்டே போய்ப் பார்த்தேன். நின்றது.

அன்றிலிருந்து அவளையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டு மாதத்தில் என்னை மிஞ்சிவிட்டாள். அவளை டெக்னீஷியனாக நிரந்தரம் செய்யுங்கள் என்று முதலாளியிடம் போய் நின்றேன். ஆறு மாதம் தீபாவளியோடு முடிகிறது. அதற்குப் பிறகு போன் எடுக்கவும் ஆள் தேவையில்லை என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். நவரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் முதலாளி. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: “ஐசே, பொம்பிளை ஏணியில ஏறினா கஸ்டமர் என்னையல்லோ ஏசுவான்? ஒருத்தர், ஒரே ஒருத்தர், பேர் சொல்லி அவளைக் கேக்கட்டும். தீபாவளி வரைக்கும் டைம். பிறகு பாப்பம்.”

பழைய பேப்பர் திரை

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கட்டடக் குத்தகைக்காரர். வரிசையாக ஒட்டிக் கட்டிய இணைப்பு வீடு, பன்னிரண்டடி அகல ஹால். அவர் கேட்டதோ சுவரை மறைக்கிற அளவுக்குத் திரை. நான் ஆசையைப் பற்றியும், அந்த ஆசையைக் கிளப்பிவிட்டு விற்கிறவர்களைப் பற்றியும் எடுத்துச் சொன்னேன். மனிதர் தலையாட்டினாரே தவிர அளவைக் குறைக்கவில்லை.

லெட்சுமி அந்த வீட்டுப் பழைய பேப்பரையெல்லாம் வாங்கி, அவர் கேட்ட அளவுக்குச் சுவரில் டேப் போட்டு ஒட்டினாள். “இதுதாண்ணே உங்க ஸ்கிரீன். சோபாவுல உக்காந்து நாலு மூலையில இருக்கிற தலைப்பையும் படிங்க” என்றாள். மனிதர் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் கழுத்தைத் திருப்பினார். சமையலறை வாசலில் நின்ற மனைவி, “தியேட்டர்ல முன் வரிசையில உக்காந்து கழுத்து சுளுக்கினது பத்தாதுன்னு அதையே வீட்டுக்குக் கொண்டாறீங்களா?” என்று கேட்டதும் அளவு பாதியாக இறங்கிவிட்டது. பேப்பரை அவள் உரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்: “ரொம்ப நன்றிண்ணே, நீங்க எடுத்துச் சொல்லலன்னா நான் ஏமாந்திருப்பேன்.”

சாமிக்கு எதிர்ச்சுவர்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வீடு. வெளிச்சம் படாத சுவர் ஒன்றே ஒன்று. அதில் சாமி மேடை. மேடையை நகர்த்தலாம் என்றார் கணவர். நகர்த்தினால் நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றார் மனைவி. எனக்குச் சாமியில் நம்பிக்கை இல்லை என்பது ஊரறிந்தது. பிரசுரங்களில் படித்ததைக் கொஞ்சம் எடுத்துவிட்டேன். அந்த அம்மாவின் முகம் இறுகியது. பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார்.

“அக்கா, எத்தன மணிக்கு விளக்கு வைப்பீங்க?” என்று இடையில் புகுந்தாள் லெட்சுமி. ஆறரைக்கு என்றார். “அது முடிஞ்சப்புறம் படம் பாருங்க. எதிர்ப்பக்கம் வாசக் கதவுக்கு மேல சுருட்டற ஸ்கிரீன் போடறேன். பின்னால தடிச்ச கர்ட்டன்.” அப்படியானால் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்வதா? அந்த அம்மாவுக்கு அதுவும் தப்பு. லெட்சுமி மேடையையும் எதிர்ச்சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “சோபாவ ரெண்டு ஓரமா தள்ளிருவோம்க்கா. நடுவுல மறைக்காம இருந்தா சாமியும் பாக்கும். முதல் படம் மட்டும் பக்திப் படமா போட்டுருங்க.” அந்த அம்மா சிரித்துவிட்டார். ஓரத்தில் உட்கார்ந்தால் படம் கொஞ்சம் மங்கும் என்று நான் சொல்ல வந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்: “நீங்க பேசாம இருந்தப்பதாண்ணே எனக்கு விஷயமே புரிஞ்சிச்சு.”

மூன்று பொட்டு

ஆயுத பூசைக்கு மறுநாள் ஜெஞ்சாரோமிலிருந்து போன். செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் வைத்திருக்கும் ஒருவர் ஒரு மாதம் முன்பு எங்களிடம் பெட்டி வாங்கியிருந்தார். படம் முழுக்கப் புகை, நடுவில் ரத்தம் மாதிரி ஏதோ, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பதறினார். போய் ஏணியில் ஏறிப் பார்த்தேன். லோரிக்குச் சந்தனம் வைத்த கையோடு பெட்டியின் மூன்று கண்ணிலும் அப்பி, நடுவில் குங்குமமும் இட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏணி ஆடியது.

லெட்சுமி சிரிக்கவில்லை. காய்ந்த சந்தனத்தைத் தேய்த்தால் கண்ணாடி கீறிவிடும் என்று, பஞ்சை நனைத்து ஊற வைத்து ஊற வைத்து இரண்டு மணி நேரம் எடுத்தாள். “நானும் கம்பெனியில மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு வைப்பேண்ணே. சோறு போடற சாமான்தானே. ஆனா கண்ணுல வைக்கக் கூடாது, நெத்தியில வைக்கணும்” என்று, கண்களுக்கு மேலே இருந்த தகரத்தைத் தொட்டுக் காட்டினாள். குற்றவாளி மாதிரி நின்றிருந்த மனிதருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “மூணு கண்ணு இருக்கிறது தெரிஞ்சிச்சு,” என்றார், “நெத்தி எங்க இருக்குன்னுதான் தெரியல லா.”

ஏணிக்குக் கீழே

தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை. இதுவரை ஒருவரும் அவள் பெயரைக் கேட்கவில்லை. வேலைத்தாளில் டெக்னீஷியன் பெயர் எழுத ஒரே ஒரு வரிதான் உண்டு. வழக்கம் போல அதில் நான் என் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

பெட்டாலிங் ஜெயாவில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர். லெட்சுமி ஏணியில் ஏறியதும், “ஆம்பள ஆள் இல்லையா? விழுந்து கிழுந்து வச்சா யார் பதில் சொல்றது?” என்றார். நான் வாதாடியிருக்க வேண்டும். போலீஸ் தடியின் முன்னால் நின்று வாதாடியவன் நான். ஆனால் வேலை நேரத்துக்கு முடிய வேண்டுமே என்று, அவளை இறங்கச் சொல்லிவிட்டு நானே ஏறினேன். மூன்று மணி நேரம் கோடு சேர்த்தேன். வெள்ளையாகத்தான் தெரிந்தது. அதிகாரிக்கும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. சபாஷ் என்று முதுகில் தட்டினார்.

வேனில் வரும்போது லெட்சுமி வேலைத்தாளை மடியில் கவிழ்த்து வைத்தாள். என்னம்மா என்றேன். “இடது பக்கம் பூராவும் பச்சை விளிம்பு, அண்ணே.” அப்பவே சொல்லியிருக்கலாமே என்றேன். “சொன்னேன். ரெண்டு தடவ. நீங்க அவர்கிட்ட மறியல் கத சொல்லிக்கிட்டிருந்தீங்க.” பெடரல் நெடுஞ்சாலையில் வண்டிகள் நகராமல் நின்றன. அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: “கம்பெனியில எங்க சூப்பர்வைசரும் நான் ஒட்டின பீசுக்கு அவர் பேரத்தான் எழுதுவாரு. அவரும் நல்லவருதாண்ணே.”

மூன்று மணி நேர உரை

தோழர்களே, எனக்குப் பலர் பல பெயர் வைத்ததுண்டு. கலகக்காரன், சிவப்புச் சட்டை, வேலை கெடுப்பவன். எல்லாவற்றையும் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டேன். சூப்பர்வைசர் என்று யாரும் சொன்னதில்லை. மறுநாள் வேலைத்தாளில் அவள் பெயரை எழுதினேன். நவரத்தினம் அதை அடித்து என் பெயரை எழுதினார். மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தார். சரி, கஸ்டமரே கேட்கும்படி செய்கிறேன் என்று முடிவு செய்தேன்.

அடுத்த வீடு கிள்ளானில், ஒரு தலைமையாசிரியை. லெட்சுமி ஏணியில் ஏறிக் கோடு சேர்க்க ஆரம்பித்ததும் நான் சோபாவில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். பெண் தொழிலாளர், சம ஊதியம், மின்னணுத் தொழிற்சாலைகள் பெண்களின் கண்ணைப் பிழிந்து எடுத்துவிட்டு வீதியில் விடுவது, ஒன்றும் விடவில்லை. படிப்பதற்கு என்று கையில் ஒரு பழைய பிரசுரமும் கொண்டுபோயிருந்தேன். அந்த அம்மா இடையில் ஒரு முறைகூட மறுத்துப் பேசவில்லை. வெளியே வரும்போது, இருபது வருடத்தில் இவ்வளவு நல்ல கூட்டம் எனக்குக் கிடைத்ததில்லை என்று லெட்சுமியிடம் சொன்னேன். அவள் ஏணியை மடக்கி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் போனது. தீபாவளிக்கு நாலு நாள். லெட்சுமி தன் சாமான்களை ஒரு பையில் போட ஆரம்பித்திருந்தாள். அந்தக் காலையில் நவரத்தினம் என்னை அறைக்குள் கூப்பிட்டு, போனின் ஸ்பீக்கரை அமுக்கினார். தீபாவளிக்கு ஒட்டடை அடித்ததில் துடைப்பம் பெட்டியில் இடித்துவிட்டது, கோடு விலகிவிட்டது, இன்றே ஆள் வேண்டும் என்றது தலைமையாசிரியையின் குரல். அனுப்புகிறேன், போன முறை வந்த பெரியவரையே அனுப்புகிறேன் என்றார் நவரத்தினம். தலைமையாசிரியை அவசரமாகத் தடுத்தார்.

“மிஸ்டர் நவரத்தினம், அந்தப் பெரியவர் பெண்ணுரிமை பத்தி மூணு மணி நேரம் பேசினாரு. எல்லாம் ரொம்ப நல்ல விஷயம். ஆனா ஏதோ பிரசுரத்தப் படிச்சுக் காட்டறதுக்குப் பக்கத்துல இருந்த லைட்டப் போட்டுட்டாரு. ‘அண்ணே, லைட்ட நிறுத்துங்க, கோடு தெரியல’ன்னு ஏணி மேல இருந்து அந்தப் பொண்ணு நாலு தடவ கேட்டா. அவர் காதுல விழல. நான்தான் எழுந்து போய் நிறுத்தினேன். அப்பவே அவ பேரக் கேட்டு வச்சுக்கிட்டேன். லெட்சுமிய அனுப்புங்க. லெட்சுமிய மட்டும் அனுப்புங்க, ப்ளீஸ்.”

நவரத்தினம் போனை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், நியமனக் கடிதத் தாளை டைப்ரைட்டரில் செருகினார்.

ஊர் ஊராகப் பேசி ஒரு தொழிலாளிக்குக்கூட வேலையை மீட்டுக் கொடுக்க முடியாத நான், கடைசியில் ஒரே ஒரு வேலையை நிரந்தரமாக்கிக் கொடுத்தேன், அதுவும் என்னைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள் என்று ஒருவரைக் கெஞ்ச வைத்து.